வேலை இல்லாத தெரு

"மிஸ், என் பேரை அதுலயிருந்து எடுத்துருங்க."

ரெஜினா இதைச் சொன்னபோது திரேஸ்புரத்துச் சமுதாயக் கூடத்தின் சுவரில் என் படம் பெரிதாக விழுந்திருந்தது. என்னுடைய படம் அல்ல, நான் கணினியில் செய்த வட்டப் படம். அதில் முக்கால் பங்கு சிவப்பு. சிவப்புக்குப் பக்கத்தில் 'வேலை இல்லாதோர்' என்று போட்டிருந்தேன். முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து, நிறமெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது. எனக்கு அதன் மேல் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மத்தியான நேரம். ஜன்னல் வழியே உப்புக்காற்றும் கருவாட்டு வாசமும் வந்துகொண்டிருந்தன. என் எதிரே அந்தத் தெருவின் இளவட்டங்கள் எட்டுப் பேர், கையில் ஆளுக்கொரு முந்திரி மக்ரூனோடு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கி அந்தக் கணக்கெடுப்பை நடத்தியவர்கள் அவர்கள்தான். அறிக்கையின் முதல் பக்கத்தில் என் பெயரோடு அவர்கள் பெயரும் அச்சாகப்போகிறது. அதைக் காட்டிச் சந்தோஷப்படுத்தலாம் என்றுதான் நான் மக்ரூன் பெட்டியோடு போயிருந்தேன்.

எதற்குப் பெயரை எடுக்க வேண்டும் என்று கேட்டேன். என் குரலில் சூடு ஏறியிருக்கும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பதை இந்தத் தொடரை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

"எங்கப்பாவும் அந்தச் செவப்புக்குள்ளதான் இருக்காவ மிஸ்" என்றாள்.

அவளுடைய அப்பா சூசை, சங்கு குளிக்கிறவர். விடியும் முன்பே வள்ளத்தில் ஏறி, மூச்சடக்கிக் கடலடிக்குப் போய், மணலுக்குள் புதைந்திருக்கும் சங்கை எடுத்து வருகிறவர். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில், நூறடி தள்ளி, ஈரத் துண்டோடு வள்ளத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதரைத்தான் நான் வேலையில்லாதவர் என்று வண்ணம் தீட்டி வைத்திருந்தேன்.

பங்காளிகள்

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

வலையைக் காயப்போட்டு, பிரித்து, பின்னுவதற்கு ஒரு கூடம் வேண்டும் என்று அந்தத் தெரு நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆண்களும் பெண்களும் வெயிலில் மணலில் உட்கார்ந்துதான் வலை பார்த்தார்கள். கடைசியில் ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இந்தக் கரையில் உண்மையில் எத்தனை பேர் கடலை நம்பி உழைக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு செய்து கொடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த ஆய்வு சுற்றிச் சுற்றி, தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். வெளியூர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேள்வி கேட்க மாட்டேன். எங்களுக்கெல்லாம் முன்னாலிருந்தே இந்தக் கரையில் இருக்கிற ஜனங்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே இந்த ஆய்வில் சமபங்கு ஆட்களாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது 'பார்ட்னர்' என்பதற்கு நல்ல தமிழாகப் போடுகிறேன் என்று 'ஆய்வுப் பங்காளிகள்' என்று போட்டுவிட்டேன்.

அதை முதலில் வாசித்துச் சிரித்தவன் மில்டன். காலையில் சங்கு குளிக்கப் போய்விட்டு, சிவந்த கண்ணோடு சாயங்காலம் எங்கள் வேலைக்கு வருகிறவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். வாய் மட்டும் பட்டதாரி.

"பங்காளின்னா சண்டை போடணுமே மிஸ்" என்றான்.

அதெல்லாம் வராது என்று நான் சொன்னேன். சொத்தே இல்லாத இடத்தில் என்ன பங்காளிச் சண்டை என்று நானும் சிரித்தேன்.

ரெஜினா என்னிடம் பி.காம். படித்த பெண். படிப்பு முடிந்து நல்ல வேலைக்காகக் காத்திருந்தாள். யாராவது கேட்டால், மகள் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள் என்று சூசை சொல்லுவாராம். எங்களோடு சேர்ந்த பிறகு, போனைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று மாற்றிச் சொன்னாராம். இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

முத்து எங்கே

திரேஸ்புரத்துக்குக் கணக்கெடுக்க வந்த முதல் ஆள் நான் இல்லை. எழுத வந்தவர்கள், படம் பிடிக்க வந்தவர்கள், கல்லூரிப் பட்டத்துக்காக வந்தவர்கள் என்று வந்த வண்ணம் இருந்திருக்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது முத்து எங்கே என்று. முத்துக் குளிப்பு நின்று எத்தனையோ வருஷம் ஆயிற்று. இருந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு அடுக்களையில் ஒரு முத்தாவது ஒளிந்திருக்கும் என்று வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

நான் கேட்கவில்லை என்பதற்காகவே மில்டனுக்கு என்னைப் பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால், கேட்க வேண்டும் என்று எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. கௌரவத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

வந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டு போனார்களே தவிர, யாரும் திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று சொன்னதில்லை. அதனால் முதல் வாரம் எங்களுக்குப் பல வீடுகளில் கதவு பாதிதான் திறந்தது. அந்தக் கதவுகளை முழுதாகத் திறந்தவள் ரெஜினா. ஒவ்வொரு வீட்டிலும் போய், இந்தத் தடவை கூடம் வரும், நான் சொல்லுதேன், என்று தன் வாக்கைக் கொடுத்திருந்தாள்.

இது எனக்குத் தெரியாது.

சந்தேகமெல்லாம் கடைசியில்

சமுதாயக் கூடத்துக்கே திரும்புகிறேன்.

நான் விடவில்லை. நீங்கள்தானே போய்க் கேட்டீர்கள், அவர்கள் சொன்ன பதிலைத்தானே போட்டீர்கள், இப்போது என்னைக் குறை சொன்னால் எப்படி என்று சத்தம் போட்டேன். மக்ரூன் தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

மில்டன்தான் பதில் சொன்னான். கேள்வியில் ஓர் எழுத்துகூட மாற்றக் கூடாது என்று நான்தானே பயிற்சியின்போது சொன்னேன் என்றான். வாஸ்தவம். சொன்னேன். ஆய்வு முறை என்றால் அப்படித்தான் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன்.

கைப்பேசியில் நான் ஏற்றிக் கொடுத்த கேள்வி இதுதான்: 'உங்களுக்கு வேலை உண்டா?' உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். இல்லை என்பதைத் தொட்டால், படகு, வலை, நேரம், கூட வருகிற ஆட்கள் பற்றிய கேள்விகள் எல்லாம் தாமாகவே மறைந்து, 'நன்றி' என்று வந்துவிடும். ஒரு வீட்டுக்கு இரண்டே நிமிடம்தான் ஆகிறது என்று பிள்ளைகள் சொன்னபோது, எவ்வளவு திறமை என்று நான் பூரித்துப் போயிருந்தேன்.

அந்தக் கரையில் வேலை என்றால் கரையில் பார்ப்பது. துறைமுகத்தில், கம்பெனியில், கடையில், மாதம் பிறந்தால் சம்பளம் வருவது. கடலுக்குப் போவதற்கு வேறு சொல். அது தொழில். வேலை உண்டா என்று கேட்டால் ஐம்பது வருஷம் கடலில் கிடந்தவரும் இல்லை என்றுதான் சொல்லுவார். அதில் பொய்யும் இல்லை, வருத்தமும் இல்லை. வேலை இல்லை, தொழில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பயிற்சி நாளிலேயே ரெஜினா கை தூக்கியிருக்கிறாள். மிஸ், இந்தக் கேள்வி, என்று ஆரம்பித்திருக்கிறாள். சந்தேகமெல்லாம் கடைசியில் கேளுங்கள் என்று நான் கையமர்த்தியிருக்கிறேன். கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். எனக்கு இது நினைவே இல்லை. எட்டுப் பேருக்கும் நினைவிருந்தது.

சமபங்கு என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தவள், வந்த முதல் சந்தேகத்தைக் கையால் தள்ளியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"இதைப் பாத்தா கூடம் தருவாவளா மிஸ்? வேலையத்தவனுக்கு எதுக்குக் கூடம்னு கேப்பாவ. நான் இந்தத் தெருவுலதான் இருக்கணும். நீங்க மில்லர்புரத்து வீட்டுக்குப் போயிருவிய."

இதைச் சொல்லிவிட்டு ரெஜினா உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஆறுதல் சொல்லித் தப்பியிருப்பேன். நான் போய் அந்தச் சிவப்புப் படத்தை அணைத்தேன்.

சாத்தான்குளத்துப் பெரியப்பா

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு எங்கள் பெரியப்பா ஞாபகம். சாத்தான்குளம் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் அடைப்பார். மதியச் சாப்பாடுகூடக் கடைக்குத் தூக்குச்சட்டியில் போகும். அவரிடம் என்ன செய்கிறீர்கள் அண்ணாச்சி என்று யார் கேட்டாலும், சும்மா கடையில உக்காந்திருக்கேன், என்பார்.

எங்கள் அப்பா மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். எங்கள் வீட்டு அகராதியில் அப்பா வேலை பார்க்கிறவர், பெரியப்பா சும்மா உட்கார்ந்திருக்கிறவர். அப்பாவைவிட இரண்டு மடங்கு நேரம் உழைத்த மனிதரைப் பற்றி நானும் அப்படித்தான் பேசி வளர்ந்தேன். என் வீட்டிலேயே கேட்டுக் கேட்டுப் பழகிய சொல் இந்த 'வேலை'. திரேஸ்புரத்துக் கடற்கரையில் அதே சொல் என்னை இடறி விழவைத்தது.

கை என்ன செய்தது

மறுநாளே அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். கேள்வி தவறாகிவிட்டது, மறுபடியும் எடுக்க வேண்டும் என்றேன். "டேட்டா டேட்டாதானே மேடம்" என்றார். கெஞ்சிக் கூத்தாடி மூன்று வாரம் வாங்கினேன்.

புத்தி வந்துவிட்டது என்ற தெம்பில் நானே கேள்வியைத் திருத்தினேன். 'வேலை' என்பதை எடுத்துவிட்டு 'தொழில்' என்று போட்டேன். பிள்ளைகளிடம் காட்டவில்லை. அசத்தலாம் என்று நினைப்பு. முதல் வீட்டில் நானே போய், தொழில் உண்டா அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். காற்று பலமாக இருப்பதால் இரண்டு நாளாகத் தொழில் இல்லை என்றார். அடுத்த வீட்டிலும் அதே பதில்.

எனக்குப் பின்னால் நின்ற மில்டன் சிரிப்பை அடக்க முடியாமல் தெருமுனைக்கு ஓடிவிட்டான். நான் ஒரு கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. வெகுநேரம் சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் பங்காளிச் சண்டை தீர்ந்தது.

அதற்கப்புறம் கேள்விகளை அவர்கள் எழுதினார்கள். நான் நோட்டும் பேனாவுமாகப் பின்னால் நடந்து, சொன்னதை எழுதினேன். மில்டனின் முறை இது: ஆட்களை வீட்டில் போய்ப் பார்க்கக் கூடாது. வள்ளம் கரையேறும் நேரத்துக்குப் போய், நாமும் ஒரு கை பிடித்துத் தள்ளிவிட்டு, "பாடு எப்பிடி?" என்று கேட்க வேண்டும். பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன், சங்கு. அந்த ஒரு கேள்வி போதும். எங்கே போனார்கள், யார் வள்ளம், எத்தனை பேர், வலை எங்கே கிழிந்தது என்று எல்லாம் தானாக வரும். நானும் வள்ளம் தள்ளினேன். ஒரு செருப்பு கடலோடு போயிற்று.

பெண்களுக்கான கேள்வியை ரெஜினா எழுதினாள். முந்தின கணக்கில் பெண்கள் அத்தனை பேரும் வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று சொல்லியிருந்தார்கள். வலைச் சிக்கை எடுத்துக்கொண்டே சொன்னவர்களும் உண்டு, மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னவர்களும் உண்டு. ரெஜினா அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிக் கேட்டாள்: "காலைலயிருந்து ஒங்க கை என்னெல்லாம் செஞ்சிச்சு?"

அதற்கு இரண்டு நிமிடத்தில் யாரும் பதில் சொல்லி முடிக்கவில்லை. ஒரு அக்கா ஒரு மணி நேரம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, இவ்வளவா செய்தேன் என்று தன் கையையே திருப்பிப் பார்த்தார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். முப்பது வருஷம் ஆராய்ச்சி முறை பாடம் எடுத்தவள் நான். அப்படி ஒரு கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அறிக்கை தயாரானபோது இன்னொரு தகராறு வந்தது. முதலில் தவறாகக் கேட்டதையும், என்ன பதில் வந்தது, ஏன் வந்தது, பிறகு எப்படிக் கேட்டோம் என்பதையும் அப்படியே ஒரு பக்கம் போட வேண்டும் என்றாள் ரெஜினா. எனக்கு மனசில்லை. என் மானம் போகும் என்று சொல்லவில்லை, அறிக்கை நீண்டுவிடும் என்று சொன்னேன். எட்டுப் பேரும் அவள் பக்கம். நாலாம் பக்கத்தில் என் தவறு அழகாக அச்சாயிற்று.

நாலாம் பக்கம்

அலுவலகத்திலிருந்து நேரில் பார்க்க வருகிறோம் என்றார்கள். காலை பத்து மணிக்கு என்று சொன்னதை, வள்ளங்கள் திரும்புகிற மத்தியானத்துக்கு ரெஜினா போன் பேசி மாற்றினாள்.

அந்த அதிகாரி கறுப்புக் கண்ணாடியும் கையில் எங்கள் அறிக்கையுமாக வந்து இறங்கினார். அதே நேரம் சூசை அண்ணன் வள்ளத்தை விட்டு இறங்கி, இடுப்பில் சங்குப் பையோடு சொட்டச் சொட்ட ஏறி வந்தார். வருஷக் கணக்காக ஆழத்தில் முங்கி முங்கி அவருக்குக் காது மந்தம். அதிகாரி சிநேகமாகத்தான் பேச்சை ஆரம்பித்தார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று சத்தமாகக் கேட்டார்.

"வேலை ஒண்ணும் இல்ல சார்" என்றார் சூசை.

மில்டன் தலையில் கையை வைத்துக்கொண்டான். தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை வீட்டுக்கும் வாக்குக் கொடுத்தவள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், நாலாம் பக்கம் எடுங்க" என்றாள் ரெஜினா.

அவர் நின்ற இடத்திலேயே பிரித்து வாசித்தார். மெதுவாக, விரல் வைத்து வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். சூசையின் இடுப்பில் தொங்கிய பையைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கி, புதுப் பாஷை பேசுகிறவர் மாதிரி, "பாடு எப்படி?" என்று கேட்டார்.

சூசை அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அரை மணி நேரம் பேசினார். பையைக் கவிழ்த்து ஒவ்வொரு சங்காகக் காட்டினார். அதிகாரிக்கு அன்று சாப்பாடு தாமதம்.

கூடம் வந்தது. கேட்ட நீளம் வரவில்லை, தரையும் அவ்வளவு நேர்த்தியில்லை. ஆனாலும் நிழல் இருக்கிறது, வலை பிரிக்க இடம் இருக்கிறது. எங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒன்பது பெயர். அகர வரிசையில் போட வேண்டும் என்று அவர்கள் சொன்னதால் என் பெயர் எட்டாவது.

வீட்டில் யார்

பிறகு கரையோரமாகத் தெற்கே இரண்டு மூன்று ஊர்களிலிருந்து, எங்கள் ஊருக்கும் அந்த மாதிரிக் கேட்டுக் கொடுங்கள் என்று ஆள் வந்தது. என்னைத் தேடி அல்ல, ரெஜினாவைத் தேடி. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவளும் மில்டனும் போய்ச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முதல் நாளில் வருகிற சந்தேகத்தை முதல் நாளிலேயே கேட்கவிடுகிறார்களாம்.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கலாம் என்று போனேன். அன்று கடலுக்கு யாரும் போவதில்லை. சூசை அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொன்னார், டீக்கு ஆள் அனுப்பினார். ரெஜினா எங்கே என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. கிட்டே போய் மறுபடியும் கேட்டேன்.

"அவளா? அவ தொழிலுக்குப் போயிருக்கா மிஸ்."

காதில் சரியாக விழாத மாதிரி, யாரு, எங்க போயிருக்கா என்று இன்னொரு தடவை கேட்டேன். எனக்கும் காது போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ, தெருவுக்கே கேட்கும்படி அவர் அதைத் திரும்பச் சொன்னார்.